இரண்டு இட்லி, நாலு கிலோமீட்டர்

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 2 கிலோமீட்டர். காலையில் அவளுடைய அப்பா காரில் கொண்டுபோய் விடுவார். பள்ளிக்கூடத் தெருமுனை வந்ததும் கார் நின்றுவிடும். முன்னால் பத்துக் கார், பின்னால் பத்துக் கார், நடுவில் ஆட்டோக்கள், எல்லோரும் ஹாரன் அடித்தபடி இருப்பார்கள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வாசலில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய சைக்கிளைப் பார்த்தேன். சீட்டில் தூசி, பின் டயரில் காற்றே இல்லை.

"இதை ஏன் ஓட்டறதே இல்லை?" என்று கேட்டேன்.

"கார்லதான் சீக்கிரம் போகலாமே மாமா. சைக்கிள் மிதிச்சா டயர்டாயிடும். இன்னைக்கு ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்" என்றாள்.

அந்த இரண்டு இட்லியைச் சும்மா விட எனக்கு மனமில்லை. காகிதமும் பேனாவும் எடுத்தோம். நண்பர்களே, நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடுத்தர அளவு இட்லியில் சுமார் 50 கிலோ கலோரி ஆற்றல் இருக்கிறது. சமதளச் சாலையில், எதிர்காற்று இல்லாமல், நிதானமான வேகத்தில் சைக்கிள் ஓட்டும் பெரியவர் ஒருவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ கலோரி செலவாகும். அப்படியானால் ஓர் இட்லிக்கு 2 கிலோமீட்டர், இரண்டு இட்லிக்கு 4 கிலோமீட்டர். அவளுடைய பள்ளிக்குப் போய்த் திரும்பும் தூரமும் சரியாக அதுதான். அவள் எடை குறைவு என்பதால் இட்லியில் கொஞ்சம் மிச்சம்கூட இருக்கும்.

இப்போது காரைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 8,000 கிலோ கலோரி ஆற்றல் உண்டு. இட்லிக் கணக்கில் சொன்னால் 160 இட்லி! நகர நெரிசலில் ஒரு கார் இதை வைத்துக்கொண்டு சுமார் 15 கிலோமீட்டர் போகும். அந்த 160 இட்லியின் ஆற்றலைச் சைக்கிள் ஓட்டுபவருக்குக் கொடுத்தால், 320 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பியவர் திருச்சியை நெருங்கிவிடுவார். ஒரே மூச்சில் 160 இட்லி சாப்பிட யாராலும் முடியாது என்பது வேறு விஷயம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பெட்ரோல் கார் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. மீதியெல்லாம் வெப்பம். ஓடி முடித்த காரின் முன்பக்கத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சூடு முழுவதும் பெட்ரோலுக்குக் கொடுத்த காசுதான். மிஞ்சிய கால் பங்கு எதைச் சுமக்கிறது? ஒரு சின்னக் காரின் எடையை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்பா 70 கிலோ, மகள் 40 கிலோ. மொத்தம் 1,110 கிலோ. இதில் மகளின் பங்கு நூற்றுக்கு நாலுகூட இல்லை. கால் பங்கில் நாலு சதவீதம் என்றால் நூற்றில் ஒன்று. 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், அவளைத் தூக்கிக்கொண்டு போக ஆன செலவு ஒரு ரூபாய். 99 ரூபாய் காரைச் சுமக்கவும், அப்பாவைச் சுமக்கவும், காற்றைச் சூடாக்கவும் போனது. போதாததற்கு, அவளை இறக்கிவிட்டு அப்பா அதே காரில் திரும்பி வரவும் வேண்டும்.

சைக்கிளில் கணக்கு தலைகீழ். அவளுடைய சைக்கிள் 15 கிலோதான் இருக்கும். வண்டி சவாரியைச் சுமப்பதுதான் முறை என்றால், இரண்டில் சைக்கிள்தான் ஒழுங்கான வண்டி.

"அப்ப நடந்து போனா இன்னும் கம்மியா செலவாகுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில்தான் ஆச்சரியம். நடப்பதற்கு அதிகம் செலவாகும்! அதே ஒரு கிலோமீட்டரை நடந்து கடக்க, சைக்கிளுக்கு ஆவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும். நேரமும் மூன்று மடங்கு ஆகும். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பு கொஞ்சம் மேலே எழும்பிக் கீழே இறங்குகிறது. சுவரோரமாக நடக்கும் நண்பனின் நிழலில் தலையைக் கவனியுங்கள், தெரியும். ஒவ்வோர் அடியிலும் காலை வீசி, நிறுத்தி, மறுபடி வீச வேண்டும். நின்றுவிட்டால் நகர்வும் நின்றுவிடும். சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது. கால்களுக்கு வட்டமாகச் சுற்றும் வேலை மட்டும்தான். மிதிப்பதை நிறுத்தினாலும் ஃப்ரீவீல் 'டிக் டிக் டிக்' என்று பாடிக்கொண்டே உங்களைக் கொஞ்ச தூரம் கொண்டுபோகும்.

இந்தச் சிக்கனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, தெருமுனை சைக்கிள் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கடை அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, அச்சிலிருந்து கிரீஸ் பூசிய குட்டிக் குட்டி பால்ரஸ் குண்டுகளை எடுத்து ஒரு மூடியில் போட்டார். "இதுதாம்மா வண்டியோட உயிரு" என்றார். அவர் சொன்னது சரி. அச்சும் அதைச் சுற்றியிருக்கும் இரும்பும் நேருக்கு நேர் உராய்ந்தால் தேய்மானமும் சூடும் அதிகம். நடுவில் குண்டுகள் உருண்டால் உராய்வு மிகவும் குறைந்துவிடும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கனமான புத்தகத்தில் நூல் கட்டி, நூலின் முனையில் ரப்பர் பேண்ட் மாட்டி மேசைமேல் இழுங்கள். ரப்பர் எவ்வளவு நீள்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு புத்தகத்துக்கு அடியில் நாலைந்து உருண்டைப் பென்சில்களை வைத்து மறுபடி இழுங்கள். ரப்பர் நீள்வதே தெரியாது. உங்கள் சைக்கிளின் சக்கரங்களிலும் பெடல்களிலும் ஹேண்டில்பாரிலும் அந்தப் பென்சில்களின் வேலையைக் குண்டுகள் செய்கின்றன.

அடுத்து, டயரில் இருக்கும் காற்று. 1887இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சின்ன மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் தடதடவென்று குலுங்கியது. ரப்பர் குழாயில் காற்றடைத்து அவர் அதன் சக்கரத்தில் சுற்றிக் கட்டினார். கெட்டியான சக்கரம் ஒரு சிறு கல்மேல் ஏறினால், வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே எழும்ப வேண்டும். காற்றடைத்த டயரில் அந்தக் கல் பட்ட இடம் மட்டும் உள்ளே அமுங்கி, உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். ஆள் எழும்ப வேண்டியதில்லை, ஆற்றலும் வீணாகாது. ஆனால் காற்று குறைந்துவிட்டால் இதே டயர் நமக்கு எதிரி. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி நசுங்கிச் சூடாகும், அதற்கான ஆற்றலும் உங்கள் காலிலிருந்துதான் போகும். "சைக்கிள் மிதிச்சா டயர்டாயிடும்" என்று என் மருமகள் சொன்னதில் பாதிப் பழி அந்தக் காற்றுப்போன பின் டயருக்குச் சேர வேண்டியது.

அண்ணன் காற்றடிக்கும்போதே அவளைப் பல் எண்ணச் சொன்னேன். பெடலோடு இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் 44 பல். பின்சக்கரத்துச் சின்ன பல்சக்கரத்தில் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் செயின் 44 பல் நகரும். பின்சக்கரம் 44ஐ 18ஆல் வகுத்தால் கிடைக்கும் 2.4 சுற்று சுற்றும். டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு 5 மீட்டர்! 400 சுற்றில் பள்ளிக்கூடம் வந்துவிடும். உங்கள் சைக்கிளில் பற்களின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம், எண்ணிப் பாருங்கள். சுத்தமாகத் துடைத்து எண்ணெய் விட்ட செயின், காலிலிருந்து வாங்கும் ஆற்றலில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேலாகச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். காரின் கால் பங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஏன் விழுவதில்லை என்பது தனிக் கதை. சுற்றும் சக்கரம் பம்பரம்போல நிமிர்ந்து நிற்கிறது, அதனால்தான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2011இல் ஆய்வாளர்கள் அந்தப் பம்பர விளைவு வேலை செய்யாதபடி ஒரு சிறிய சைக்கிளைச் செய்து, ஆளில்லாமல் தள்ளிவிட்டார்கள். அப்போதும் அது விழாமல் ஓடியது! சாயும் பக்கம் சைக்கிள் தானே திரும்பிக்கொள்வது முக்கியம். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய எங்களுக்கு, "விழுற பக்கமே ஹேண்டிலைத் திருப்புடா" என்று பெரியவர்கள் கத்தியதும் இதைத்தான். சைக்கிளின் சமநிலையில் இன்னும் விடுபடாத முடிச்சுகள் இருக்கின்றன. உங்களில் யாராவது அவிழ்க்கலாம்.

காரைப் பற்றி இன்னொன்று. பெட்ரோல் காரின் புகைக்குழாயில், நச்சுப் புகையைக் குறைக்கும் கருவி ஒன்று உண்டு. அது நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்பி 2 கிலோமீட்டர் ஓட்டினால், அந்தக் கருவி முழுதாக விழித்துக்கொள்வதற்குள் பயணமே முடிந்துவிடும். அதனால் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பார்த்தால், குறுகிய தூரக் கார்ப் பயணங்கள்தான் அதிகம் அழுக்கானவை. அந்தப் புகை எங்கே சேர்கிறது? பள்ளிக்கூட வாசலில், உங்கள் மூக்கின் உயரத்தில்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் சைக்கிளை எடுக்கத் தயாராகிவிட்டாள். தடுத்தது என் அக்கா. "எல்லாம் சரிடா. அந்த லாரி திரும்புற முக்குல இவ எப்படிக் கடப்பா?" என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துவிட்டது. அறிவியல் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஒரு தாயின் பயத்துக்கு அது பதிலாகாது. இந்தப் பயம் வீண் பயமும் இல்லை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் காரின் வேகம் 60 ஆனால், மோதும் ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 30இல் மோதினால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். 60இல் அந்த நம்பிக்கை இல்லை.

இதே பயம் ஒரு நாட்டையே மாற்றியிருக்கிறது.

நெதர்லாந்து என்றதும் காற்றாலையும் துலிப் பூவும் சைக்கிளும் நினைவுக்கு வரும். ஏதோ அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று நான்கூட நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார்கள் பெருகின. சாலைகளை அகலமாக்கினார்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதையே தங்கள் இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். கேட்கவே நெஞ்சை அறுக்கும் பெயர். அவர்கள் அதை வேண்டுமென்றேதான் வைத்தார்கள்.

பெரியவர்கள் மட்டும் போராடவில்லை. ஆம்ஸ்டர்டாமில் தெ பைப் என்று வீடுகள் நெருங்கிய ஒரு பகுதி. அங்கிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை, தெரு முழுக்கக் கார்கள். 1972இல் அந்தப் பிள்ளைகள் கையெழுத்து வாங்கினார்கள், தெருவை மறித்தார்கள். கோபத்தோடு வந்த கார்க்காரரைக் கண்டு ஓடிவிடவும் இல்லை. அது படமாகித் தொலைக்காட்சியிலும் வந்தது. உங்கள் வயதுப் பிள்ளைகள்!

அடுத்த ஆண்டு பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. 1973 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. வெறுமையான நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளிலும் உருளைச் சறுக்குக் காலணிகளிலும் உலாவினார்கள். கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைகளை மாற்றினார்கள். பெரிய சாலையென்றால் சைக்கிளுக்குத் தனிப் பாதை. வெறும் வெள்ளைக்கோடு போட்டுவிட்டுப் போகவில்லை, நடுவில் திட்டு கட்டிப் பிரித்தார்கள். சிறிய தெருவென்றால் காரின் வேகத்தைக் குறைத்தார்கள். சில தெருக்களின் பலகையில் 'கார் இங்கே விருந்தாளி' என்றே எழுதியிருக்கும். வீட்டுக்காரர் சைக்கிள், விருந்தாளி கார். விருந்தாளி அடக்கமாகத்தானே நடந்துகொள்ள வேண்டும்? ஆம்ஸ்டர்டாமில் 2023 டிசம்பரிலிருந்து பெரும்பாலான தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். யுட்ரெக்ட் நகர ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம். நெதர்லாந்தில் உங்கள் வயதுப் பிள்ளைகள் பள்ளியில் போக்குவரத்துத் தேர்வு எழுதுகிறார்கள். பல ஊர்களில் உண்மையான தெருவில் சைக்கிள் ஓட்டியும் காட்ட வேண்டும். இன்று அந்த நாட்டில் நான்கு பயணங்களில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நடக்கிறது. மக்கள்தொகை முன்பைவிடக் கூடியிருந்தும் சாலை இறப்புகள் ஆண்டுக்கு 700 அளவுக்கு இறங்கிவிட்டன.

'சைக்கிள் ஓட்டுங்கள், உடம்புக்கு நல்லது' என்று சுவரில் எழுதி வைத்ததால் வந்த மாற்றம் இல்லை இது. பயமில்லாமல் போக ஒரு பாதை கொடுத்தார்கள். மக்கள் தாங்களாகவே வந்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் மைதானங்களில் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள், பெண்கள் பொருட்படுத்தவில்லை. பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. கேரியரில் தண்ணீர்க் குடம் ஏறியது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். பிறகு அதையே விரும்பவும் செய்தார்கள். ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஒரு பார் இருக்கிறதே, அதில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்!

பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது என்று பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் உங்கள் அக்காக்களும் அண்ணன்களும் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வாங்கியிருப்பார்கள். சைக்கிள் நம்மிடம் இருக்கிறது. அது பத்திரமாக ஓடுவதற்கான தெருதான் பாக்கி.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் நானும் மருமகளும் பள்ளிவரை நடந்தே போனோம், கையில் வரைபடத் தாள். எங்கே பள்ளம், எங்கே நடைபாதையில் வண்டி நிறுத்தியிருக்கிறார்கள், எங்கே நாய்கள் துரத்தும் என்று எல்லாவற்றையும் குறித்தாள். முடிவில் பார்த்தால் 2 கிலோமீட்டரில் பெரும்பகுதி உள்தெருக்கள், பயமில்லை. உண்மையான ஆபத்து ஒரே இடத்தில்தான். அக்கா சொன்ன அதே லாரி முக்கு.

அந்த முக்கைக் கடக்க வழி யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் 2021இல் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, பெரியவர்கள் முன்னும் பின்னும் வர, வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளில் பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள். 'பிசிபுஸ்' என்று பெயர். சைக்கிள் பஸ் என்று அர்த்தம். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிய பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள். நாலு சைக்கிள் சேர்ந்து போனால் ஓட்டுநர் கண்ணில் படும், தனியாகப் போகும் ஒன்று படாமல் போகலாம். இதைச் சொன்னதும் அவள் அதே தெருவில் மூன்று தோழிகளைப் பிடித்துவிட்டாள்.

இப்போது மூன்று வாரமாக வெள்ளிக்கிழமைகளில் நால்வரும் சைக்கிளில் போகிறார்கள். முன்னால் ஒருவருடைய அம்மா ஸ்கூட்டரில் மெதுவாகப் போகிறார். லாரி முக்கு வந்ததும் எல்லோரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். அங்கே முன்கூட்டியே வந்து காத்திருக்கும் என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கையை நீட்டி வண்டிகளை நிறுத்தி அவர்களைக் கடக்க வைப்பார். அந்த இடத்தில் வேகத்தடையும் கோடு போட்ட கடவையும் வேண்டும் என்று, வரைபடத்தையும் இணைத்து வார்டு கவுன்சிலருக்கு நால்வரும் மனு எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மனுவில் வைக்க, காலை 8 மணி முதல் 8.30 வரை அந்த முக்கில் எத்தனை லாரி திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். நேற்றுக் காலை பதினேழு.